கோடை விடுமுறை நாட்குறிப்பு: போகுமுன் படிப்பதா, போய்வந்து படிப்பதா?

மே 5, 2025, திங்கள் – நாகர்கோவில்

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பிள்ளைகளோடு சுற்றும்போது அந்தந்த ஊரின் நாவலையும் படத்தையும் போகுமுன் பார்ப்பதா, போய்வந்து பார்ப்பதா என்பதற்கான குறிப்பு இது. திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அதனால் திங்களை நாகர்கோவிலுக்கே ஒதுக்குவது நல்லது.

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யைப் போகுமுன்னே படித்துவிட வேண்டும். ஊரில் அந்த மரத்தைத் தேடிப் பயனில்லை. குளத்துக்கு நடுவே நின்ற மரம் எப்படி நாற்சந்திக்கு நடுவே வந்து சேர்கிறது என்பதுதான் விஷயம். அது தெரிந்தவருக்கே இந்த ஊரின் சந்திகள் ஏதாவது சொல்லும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு முழு நாவல் வேண்டாம். நாவலில் வரும் கதைசொல்லிக் கிழவரான ஆசான் கதை சொல்லும் ஆரம்பப் பகுதிகளை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும், அவர் பாணி பிள்ளைகளைக் கட்டிப்போடும். காலை ஏழு மணிக்குள் மணிமேடையிலிருந்து (1893-இல் கட்டியது) வேப்பமூடு வரை நடக்கலாம். எட்டரைக்கு மேல் அந்தச் சாலையில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது சிரமம்.

மே 6, செவ்வாய் – பத்மநாபபுரம்

நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்திலிருந்து தக்கலைக்கு அடிக்கடி பஸ் உண்டு. தக்கலையிலிருந்து ஆட்டோ, இரண்டு கிலோமீட்டர்தான். ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும். மதியம் ஒன்று முதல் இரண்டு வரை அடைப்பு. பன்னிரண்டரைக்கு வருகிறவர்கள் பாதி பார்த்தும் பார்க்காமலும் ஓடுவார்கள். செருப்பு வெளியே. கேமராவுக்குத் தனிச் சீட்டு.

உள்ளே வழி ஒரே திசையில் போகும். மரப்படிகள் செங்குத்து, கதவு நிலைகள் தாழ்வு, உயரமானவர்கள் தலையைக் குனிந்தே பழக வேண்டும். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை மாடியில் இருக்கிறது. மூட்டுவலி உள்ள பெரியவர்களை முன்னால் முகப்புக் கூடமான பூமுகத்திலேயே உட்கார வைத்துவிடலாம், அவர்களுக்குக் குறை எதுவும் இல்லை: மேலே மரக்கூரையில் செதுக்கிய பூக்கள் 90, ஒன்று போல் ஒன்று இல்லை என்பார்கள். கழுத்து வலிக்கிற வரை எண்ணலாம். கீழே தரையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும் அந்தக் கறுப்புத் தரை சிமென்ட் அல்ல. சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்பது காலங்காலமாகச் சொல்லிவரும் பக்குவம்.

அவசரப்படக் கூடாத இடம் நவராத்திரி மண்டபம். கல் தூண்கள், நடுவே நடன மேடை. அரண்மனைப் பெண்கள் மர அழிக்கு (துளையிட்ட மரத்தடுப்புக்கு) பின்னால் மறைந்திருந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அழியின் துளையில் கண்ணை வைத்தால் மேடை முழுக்கத் தெரியும், மேடையிலிருந்து பார்த்தால் அழிக்குப் பின்னால் யார் என்று தெரியாது.

‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) மலையாளப் படத்தின் சில காட்சிகள் இங்கே எடுத்தவை, சில திருப்பூணித்துறை ஹில் பேலஸில். இந்தப் படத்தைப் போய்வந்துதான் பார்க்க வேண்டும். முன்னால் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் பூட்டிய அறையைத் தேடுவதிலேயே இரண்டு மணி நேரத்தையும் கழித்துவிடும். நடந்து முடித்த பிறகு பார்த்தால், படத்தின் இருட்டு எங்கிருந்து வருகிறது என்பது புரியும்: இந்த மாதிரி வீட்டுக்குள் வெளிச்சம் அழி வழியாகத்தான் நுழையும், பகலிலும் பாதி முகம் நிழலில் கிடக்கும். அதே கதையைத் தமிழில் எடுத்த ‘சந்திரமுகி’ (2005) பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வித்தியாசமே போதுமான பாடம்.

மே 8, வியாழன் – முட்டம்

இரணியல் வழியாகப் போனால் நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ நடக்கும் ஊரையும் தொட்டுக்கொண்டு போகலாம். அந்த நாவலின் வட்டார வழக்கு கனமானது. முதல் ஐம்பது பக்கம் பொறுமை கேட்கும், பிறகு தானாக இழுத்துக்கொண்டு போகும்.

முட்டம் என்றால் பாரதிராஜா. ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) இரண்டும் இங்கே எடுத்தவை. இன்று பார்த்தால் முந்தையது பாட்டுக்காக மட்டும் நிற்கிறது; பிந்தையது, சின்னப்பதாஸுக்கும் டீச்சருக்கும் இடையிலான தயக்கத்தால், இன்னும் கெடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இதையும் போய்வந்தே காட்டுங்கள். சினிமாவில் பாறை மேல் உட்கார்ந்து பேசுகிறார்கள், அலை பின்னால் அழகாகத் தெறிக்கிறது. நேரில் அதே மாதிரி உட்காரப் போகிறவர்களைத்தான் கடல் இழுக்கிறது.

அலை ஒரே அளவில் வருவதில்லை. பல நிமிடம் சிறிதாக வந்துகொண்டிருக்கும், பிறகு மூன்று நான்கு பெரிதாகச் சேர்ந்து வரும். பாறையில் இறங்குமுன் பதினைந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் ஏறிய பெரிய அலையின் ஈரக்கோடுதான் எல்லை. கோட்டுக்கு மேலே, வெளிறிக் காய்ந்த பாறையில் மட்டும் உட்காரலாம். கறுத்துப் பச்சை படிந்த இடம் பாசி, வெறுங்காலும் வழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வேறு. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். வானம் தெளிவாக இருக்கிறது என்பது ஒரு உத்தரவாதமும் இல்லை. எச்சரிக்கை அறிவித்த நாளில் கரையோடு திரும்பிவிடுங்கள்.

மே 11, ஞாயிறு – கன்னியாகுமரி

ஞாயிறன்று போகாதீர்கள். படகு வரிசை வெயிலில் வளைந்து வளைந்து போகும்.

படகு விவேகானந்தர் பாறைக்குப் போகும். அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், 2024 டிசம்பர் 30-இல் திறந்தது. முன்பெல்லாம் அலை அதிகமானாலும் நீர்மட்டம் தாழ்ந்தாலும் சிலைக்கு மட்டும் படகு போகாது. அந்தக் குறை பாலத்தால் தீர்ந்தது. ஆனால் நீர்மட்டம் ரொம்பத் தாழ்ந்தால் மொத்தப் படகும் நின்றுவிடும், அதற்குப் பாலம் உதவாது. பாறையில் செருப்பைக் கழற்ற வேண்டும், பத்தரைக்கு மேல் கல் சுடும். பிள்ளைகளுக்குப் பருத்திக் காலுறை எடுத்துப் போங்கள்.

குறளைக் கையில் வைத்துக்கொண்டு சிலையைப் பார்க்கலாம்: பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரம். சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த 95.

மே மாதம் முக்கடல் முனையில் சூரியன் கடலில் விழும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த மாதத்தில் அது வடமேற்காக ஒதுங்கிக் கரைக்குப் பின்னால் மறையும். கடலிலேயே உதித்துக் கடலிலேயே மறைவதை ஒரே இடத்திலிருந்து பார்க்க மழைக்காலம் கழிந்த டிசம்பர், ஜனவரிதான் சரி.

மே 14, புதன் – மாத்தூர், தேங்காப்பட்டணம்

மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், 28 தூண், பறளியாற்றுக்கு மேலே 1966 முதல் கால்வாய்த் தண்ணீரைச் சுமக்கிறது. தலைசுற்றல் உள்ளவர்கள் மேலே நடக்காமல் படியிறங்கி ஆற்றிலிருந்து அண்ணாந்து பார்க்கலாம். அந்தப் பார்வைதான் நன்றாகவும் இருக்கும். வழியில் மட்டி வாழைப்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். தோல் மெல்லியது, பையின் அடியில் வைத்தால் நசுங்கிவிடும்.

தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேர்கிறது. முகத்துவார மணல்மேடு உறுதியாகத் தெரியும், கால் வைத்தால் விளிம்பு சரியும். குளிக்க ஏற்ற இடமல்ல. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை இங்கே வந்து போன பிறகு படிப்பதே நல்லது: வடக்குவீட்டு முதலாளியின் வீட்டுப் பெருமை எவ்வளவு சின்ன ஊருக்குள் அடங்கியது என்பது, தெருவை நடந்து பார்த்தவருக்கு இரண்டாம் பக்கத்திலேயே பிடிபடும். மலையாளம் கலந்த, புரியாத சொற்கள் வந்தால் நிறுத்தாமல் படியுங்கள், நான்கு இடத்தில் வந்ததும் பொருள் தானே விளங்கும். மலையாளம் கொஞ்சம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லலாம்.