பாத்திரம் தேய்த்த சாட்சி

இன்று ஆராதனையில் எங்கள் சபைப் பெண் ஒருத்தி தன் விசுவாச அனுபவத்தைச் சாட்சியாகச் சொன்னாள். லோகோஸ் ஹோப் என்ற கிறிஸ்தவ ஊழியக் கப்பலில் இரண்டு வருட ஊழியம் முடித்துப் போன வாரம்தான் ஊர் திரும்பியிருக்கிறாள்.

1973இல் கட்டிய கப்பல். இப்போது மிதக்கும் புத்தகக்கடை. பல நாட்டுப் பிள்ளைகள், யாருக்கும் சம்பளம் கிடையாது.

பிரசங்கக் கதை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் தட்டு கழுவிய கதையைச் சொன்னாள்.

“முதல் மாசம் ஜெபிக்க வார்த்தையே வரல. பக்கத்துல தட்டு துடைச்ச கொரியப் பொண்ணுக்கும் அப்படித்தான். ரெண்டு பேரும் இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை அவங்கவங்க மொழியில சொல்லிக்கிட்டே கழுவுவோம்.”

எனக்கு அது ஆறு வயதிலேயே மனப்பாடம். அதனாலேயே வாய் சொல்ல, மனசு வீட்டுச் சாம்பாரில் இருக்கும்.

“எத்தனை ஆத்துமாக்களை ஆண்டவர்கிட்ட கொண்டுவந்தேம்மா?” என்றார் ஒரு பெரியவர்.

“தட்டுதான் ஐயா எண்ணினேன்,” என்றாள்.