நான்கு மீட்டருக்கு ஒரு லென்ஸ்

2024 பிப்ரவரி 3

என்னிடம் இருக்கும் 100–400 மி.மீ. ஜூம் லென்ஸை விட்டுவிட்டு 600 மி.மீ. வரை எட்டும் ஒன்றை (இந்த எண் கூடக்கூடத் தூரத்தில் உள்ளது பெரிதாகத் தெரியும்) வாங்கலாமா என்ற எண்ணம் சில மாதங்களாகவே என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. காட்டில் பறவைகளையும் விலங்குகளையும் படமெடுத்துத் திரும்பி, படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணம் வலுக்கிறது. முடிவை இனியும் தள்ளிப்போட விரும்பாததால், இந்த மாதம் முழுவதும் இதை மட்டுமே கவனித்து எழுதி வைக்கப்போகிறேன். கேமரா சோனி ஏ6400. 24 மெகாபிக்சல்; படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு. லென்ஸ் 1.1 கிலோ எடையுள்ள இலகுவான வகை; 400 மி.மீ.யில், ஒளியை உள்ளே விடும் அதன் துளையின் அளவு எஃப் 6.3. விமர்சனங்களைப் படிப்பதற்கு முன் என் சொந்தப் படங்களைப் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன், ஏனென்றால் விமர்சனங்களைப் படித்த பிறகு யாரும் இருப்பதில் நிறைவடைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

2024 பிப்ரவரி 4

கடந்த இரண்டு ஆண்டுகளில் எடுத்தவற்றில் நான் ஒதுக்கி வைத்தும் அழிக்க மனம் வராத படங்களை இன்று முழுவதும் உட்கார்ந்து பிரித்தேன். கோப்பில் பதிவாகியிருந்த விவரங்களின்படி, அவற்றில் பெரும்பாலானவை 400 மி.மீ.யில் எடுக்கப்பட்டவை. இதை மட்டும் பார்த்திருந்தால் இன்றே லென்ஸை வாங்கியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு படமும் எதனால் கெட்டது என்று கேட்டுக்கொண்டு பிரித்தபோது மூன்று குவியல்கள் சேர்ந்தன.

முதலாவது, எட்டாத தூரத்தில் இருந்த மான்கள், பருந்துகள், ஏரியின் மறுகரையில் நின்ற பறவைகள். இரண்டாவது, தூரம் சரியாக இருந்தும் ஷட்டர் வேகம் போதாமல் கலங்கிப்போனவை; தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும் ஒரு மீன்கொத்தியை நொடியில் 320-இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்துவிட்டு லென்ஸைக் குறை சொல்லியிருக்கிறேன். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு என் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் கழுத்தை அடக்காது என்பது தெரிந்தும் செய்த தவறு. மூன்றாவது குவியலில் இருந்தவை, 10 முதல் 15 மீட்டருக்குள் நிழலில் அமர்ந்திருந்த சிறு பறவைகள். ஃபோகஸ் சரி, வேகமும் சரி, ஆனால் பறவை சட்டகத்தில் மிகச் சிறிதாக இருந்ததால் வெட்டிப் பெரிதாக்கியதும் இறகின் இழைகள், குறைந்த வெளிச்சத்தில் படத்தில் மணல்போலத் தெரியும் குருணைக்குள் கரைந்துவிட்டன.

இரண்டாவது குவியலுக்கு நானே பொறுப்பு. அதை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

2024 பிப்ரவரி 8

மூன்றாவது குவியலுக்காக இன்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூரத்தில் உள்ள ஒன்றின் உருவம் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்குப் பொருளின் நீளத்தைக் குவியத் தொலைவால், அதாவது லென்ஸின் மி.மீ. எண்ணால், பெருக்கி, இடைப்பட்ட தூரத்தால் வகுத்தால் போதும். 11 செ.மீ. நீளமுள்ள கதிர்க்குருவி ஒன்று 12 மீட்டர் தொலைவில் அமர்ந்திருந்தால், 400 மி.மீ.யில் அதன் உருவம் சுமார் 3.7 மி.மீ.; என் சென்சாரில் அது ஏறத்தாழ 935 பிக்சல். சட்டகத்தின் அகலம் 6000 பிக்சல் என்பதால், குருவி அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 600 மி.மீ.யில் அதே குருவி 5.5 மி.மீ., அதாவது ஏறத்தாழ 1400 பிக்சல்.

பிக்சல் எண்ணிக்கையை விட வெளிச்சத்தின் கணக்குதான் எனக்குப் புதிதாக இருந்தது. பல ஆண்டுகளாகப் பறவைகளைப் படமெடுக்கும் என் நண்பர், "இரண்டும் எஃப் 6.3 தானே, வெளிச்சத்தில் உங்களுக்கு என்ன லாபம்?" என்று சென்ற வாரம் கேட்டபோது, நானும் ஆமாம் என்றே தலையாட்டினேன். இன்று யோசித்துப் பார்த்தால் இருவரும் தவறு. எஃப் எண் என்பது குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது. ஆகவே 400 மி.மீ. லென்ஸில் எஃப் 6.3 என்றால் விட்டம் சுமார் 63 மி.மீ., 600 மி.மீ. லென்ஸில் அதே எண்ணுக்குச் சுமார் 95 மி.மீ. சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதான் என்றாலும், குருவியின் உருவம் பரப்பில் 2.25 மடங்கு பெரிதாக விழுவதால், அந்தக் குருவியிடமிருந்து வந்து சேரும் மொத்த வெளிச்சமும் 2.25 மடங்காகிறது. இரு படங்களிலும் குருவியை ஒரே அளவில் வெட்டி எடுத்துப் பார்த்தால், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு; அது கூடினால் குருணையும் கூடும்) 3200-இலிருந்து ஏறத்தாழ 1400-க்கு இறக்கியது போன்ற வேறுபாடு தெரிய வேண்டும். மூன்றாவது குவியலின் நோய்க்கு இதுவே மருந்து என்று மாலையில் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

2024 பிப்ரவரி 10

என் கேமராவில் பொருந்தும் லென்ஸ்களின் விவரங்களை இன்று வரிசைப்படுத்தினேன். 2019-இல் வந்த சோனி 200–600, 2115 கிராம். ஜூம் செய்யும்போது நீளாமல் உள்ளுக்குள்ளேயே நகரும் அமைப்பு. 2021-இல் வந்த சிக்மா 150–600 ஸ்போர்ட்ஸ், 2100 கிராம். அதே ஆண்டு வந்த டாம்ரான் 150–500, முக்காலி வளையம் இல்லாமல் 1725 கிராம். ஆனால் 500 மி.மீ.யில் எஃப் 6.7 என்பதால் அதன் துளை சுமார் 75 மி.மீ.தான், குருவியிடமிருந்து வந்து சேரும் வெளிச்சம் என் லென்ஸில் கிடைப்பதைப் போல 1.4 மடங்கைக்கூட எட்டாது. மற்ற நிறுவனங்களின் லென்ஸ்களைச் சோனி கேமராவில் பொருத்தினால் நொடிக்கு 15 படங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்ற வரம்பைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். என் கேமரா எடுப்பதே நொடிக்கு 11 என்பதால் அந்தக் கவலை எனக்குத் தேவையில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் வைத்து உருவத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டரைப் பொருத்தும் வசதி இவற்றில் சோனி லென்ஸுக்கு மட்டும்தான் உண்டு, ஆனால் அது ஒரு ஸ்டாப், அதாவது பாதி, வெளிச்சத்தைத் தின்று எஃப் 9-இல் கொண்டுபோய் நிறுத்தும். நிழலில் அமரும் குருவிக்கு அது ஆகாது.

லென்ஸுக்குப் பதில் கேமராவை மாற்றினால் என்ன என்றும் பார்த்தேன். 2023-இல் வந்த ஏ6700-இன் சட்டகம் 6192 பிக்சல் அகலம். என்னுடையதைவிட நூற்றுக்கு மூன்று அளவே அதிகம், எனவே குருவி பெரிதாகாது. பறவையின் கண்ணை அடையாளம் கண்டு தொடரும் திறனும் கேமராவுக்குள்ளேயே அதிர்வுத் தடுப்பும் அதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் என் மூன்றாவது குவியலில் ஃபோகஸ் தவறிய படங்கள் மிகக் குறைவு.

2024 பிப்ரவரி 11

முதல் குவியலுக்காக ஒரு சிறு சோதனை. முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஏறத்தாழ 80 மீட்டர் தள்ளித் தண்ணீருக்குள் நிற்கும் ஒரு மரக்கம்பத்தைக் காலை ஏழு மணிக்குப் பத்துப் படங்களும் பதினொரு மணிக்குப் பத்துப் படங்களும் எடுத்தேன். ஏழு மணிப் படங்களில் மரத்தின் வெடிப்புகள் தெரிகின்றன. பதினொரு மணிப் படங்களில் கம்பத்தின் விளிம்பு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக நெளிகிறது. வெப்பநிலை வேறுபட்ட காற்று அடுக்குகள் ஒளியை வளைப்பதால் வரும் இந்த நெளிவை 600 மி.மீ. லென்ஸும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கித்தான் காட்டும். முதல் குவியலில் பாதிக்கு மேல் வெயில் ஏறிய பின் எடுத்தவை. அந்தக் குவியலையும் கட்டி வைத்துவிட்டேன்.

2024 பிப்ரவரி 17

ஒரு வாரமாக மனத்தில் ஒரு விகிதம் ஓடிக்கொண்டிருந்தது. 12 மீட்டரில் 600 மி.மீ. காட்டும் உருவமும், 8 மீட்டரில் 400 மி.மீ. காட்டும் உருவமும் அளவில் ஒன்றே. உருவம் மட்டுமன்று, இரண்டும் எஃப் 6.3-ஆக இருக்கும்வரை குருவியிடமிருந்து வந்து சேரும் வெளிச்சமும் ஒன்றே. அப்படியானால் நான் வாங்க நினைப்பது, 12 மீட்டரில் அமரும் ஒரு பறவையைப் பொறுத்தவரை, நான்கு மீட்டர் தூரம். அந்த நான்கு மீட்டரை நடந்து கடக்க முடியாது; நடந்தால் பறவை பறந்துவிடும், அதற்குத் தொந்தரவும்கூட. ஆனால் உட்கார்ந்து கடக்க முடியுமா என்று இன்று முயன்றேன்.

விடிவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே போய், நாணலுக்குப் பின்னால் தாழ்வான முக்காலி நாற்காலியைப் போட்டு, மங்கிய நிறத் துணியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அசையாமல் இருந்தேன். வழக்கமாக நான் கரையோரம் நடந்துகொண்டே எடுப்பவன். இவ்வளவு நேரம் ஓரிடத்தில் இருந்ததில்லை. முதல் ஒரு மணி நேரம் தவளைகளைத் தவிர எதுவும் இல்லை, கால்கள் மரத்துப்போயின, இதற்கு லென்ஸே வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது. அதன் பிறகு உள்ளான் ஒன்று சேற்றைக் குத்திக்கொண்டே ஆறு மீட்டர் வரை வந்தது. அதைத் தொடர்ந்து கதிர்க்குருவி நாணல் தண்டில் ஏறியபோது, லென்ஸின் தூர அளவு ஏழு மீட்டர் காட்டியது. வீட்டில் திரையில் பார்க்கும்போது அந்தப் படத்தில் கண்ணைச் சுற்றிய மெல்லிய வளையம் தனித்துத் தெரிகிறது, குருணையும் இல்லை. பறவை தானாக வந்தது, தானாகப் போயிற்று.

2024 பிப்ரவரி 18

மறுபடியும் அதே இடம். எதுவும் வரவில்லை.

2024 பிப்ரவரி 24

நண்பர் தன் 200–600 லென்ஸை ஒரு வாரத்துக்குக் கொடுத்திருக்கிறார். வெளிச்சக் கணக்கை அவரிடம் விளக்கியபோது, சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியானால் இதை நீங்களே வைத்துப் பாருங்கள்" என்றார்.

என் கேமராவின் எடை 403 கிராம். அதன் முன்னால் இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட லென்ஸைப் பூட்டியதும், கேமராவை நான் பிடித்திருக்கிறேன் என்பதைவிட, லென்ஸின் வாலில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். நாற்காலியில் அமர்ந்து முக்காலியில் வைத்து எடுத்தபோது எடை தெரியவில்லை. கணக்குச் சொன்னபடியே படங்கள் வந்தன. எட்டு மீட்டரில் வந்த குருவி சட்டகத்தில் மூன்றில் ஒரு பங்கை நிறைத்தது. ஆனால் ஒரு குறை: 12 மீட்டர் தொலைவில் 400 மி.மீ. என் சட்டகத்தில் 70 செ.மீ. அகலத்தைக் காட்டும், 600 மி.மீ. 47 செ.மீ. மட்டுமே. நாணலுக்குள் தாவிக்கொண்டே இருக்கும் பறவையை அந்தச் சின்னச் சன்னலுக்குள் பிடிப்பதற்குள் அது இரண்டு தண்டு தள்ளிப் போய்விடுகிறது. பழகினால் சரியாகும். முதலில் 200-க்கு இறக்கித் தேடிவிட்டுப் பின் ஏற்றுவது உதவுகிறது, ஜூம் வளையத்தின் சுற்று குறைவாக இருப்பதும் நல்லதாயிற்று.

2024 பிப்ரவரி 25

பொறுமையால் சம்பாதிக்க முடியாத தூரம் ஒன்று உண்டு என்பதை இன்று மரங்களுக்கு அடியில் உணர்ந்தேன். 18 மீட்டர் உயரக் கிளையில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்த ஈப்பிடிப்பானுக்கு, நான் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கீழே இறங்கி வர எந்தக் காரணமும் இல்லை. இங்கேதான் 600 மி.மீ. தன் மதிப்பைக் காட்டுகிறது. 18 மீட்டரில் அது தருவது, 400 மி.மீ. 12 மீட்டரில் தரும் உருவத்தை. அதாவது இவ்வளவு செய்தும் என் மூன்றாவது குவியலின் வாசலுக்குத்தான் வந்து நிற்கிறேன் என்றாலும், வெறும் புள்ளியாக இருந்த ஒன்று பறவையாகிறது.

முரண் என்னவென்றால், எங்கே இந்த லென்ஸ் உண்மையிலேயே தேவைப்படுகிறதோ, அங்கேதான் அதைப் பிடிப்பது மிகக் கடினம். செங்குத்தாக மேலே நோக்க முக்காலி ஒத்துழைக்கவில்லை, கழுத்து அதற்கும் மேல். இரண்டரைக் கிலோவைக் கையில் ஏந்தி அண்ணாந்து நின்றபோது, ஐந்தாவது நிமிடத்தில் கைகள் நடுங்கத் தொடங்கி, பறவை நிழலிலிருந்து வெளியே வந்த நேரத்தில் நான் லென்ஸை இறக்கி வைத்திருந்தேன். மீண்டும் தூக்கி எடுத்தவற்றில் ஒரே ஒரு படம் நன்றாக வந்தது. அது மிகவும் நன்றாக வந்தது.

2024 மார்ச் 2

மூன்றாவது குவியலை மறுபடி எடுத்து, தண்ணீரோரமும் புதர்களிலும் எடுத்தவை எத்தனை, மரத்தின் உச்சியை நோக்கி எடுத்தவை எத்தனை என்று எண்ணினேன். உச்சிக் கிளைப் படங்கள் பத்தில் இரண்டுகூட இல்லை. மற்றவை அனைத்தும் நான் நடந்துகொண்டே எடுத்தவை. அவற்றில் நான்கு மீட்டரை நான் கேட்டிருந்தால் பறவைகளே தந்திருக்கும்.

ஆகவே இந்த ஆண்டு வாங்கவில்லை. திறந்த வெளியில் படகிலோ வண்டியிலோ இருந்து, நெருங்கவே முடியாத விலங்குகளை வாரந்தோறும் எடுப்பவராக நான் இருந்திருந்தால் இந்த முடிவு வேறாக இருந்திருக்கும். என் நண்பர் அப்படிப்பட்டவர், அவருக்கு 600 மி.மீ. இல்லாமல் ஆகாது. எனக்கு, இப்போதைக்கு, தோளில் ஒரு கிலோ குறைவாகத் தொங்குவதால் விடியலில் கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார முடிகிறது.

மாலையில் லென்ஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். ஈப்பிடிப்பானின் அந்த ஒரு படத்தை மட்டும் நண்பரிடம் காட்டினேன். "இதை 400-இல் எடுத்திருக்க முடியாதே" என்றார். முடியாதுதான்.