தாழ்ப்பாள்

மே 21

வீடு வந்தாயிற்று. வாசலில் இருப்பது ஒரே ஒரு படி. அதற்கே கால் மணி நேரம். பிசியோ பெண் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனது வலது இடுப்பு. எதிர்வீட்டு அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டு, "வலது காலை எடுத்து வைச்சு வாங்கக்கா" என்கிறார். அம்மாவும் வலது காலைத்தான் தூக்குகிறாள். நான் "இடது, இடது" என்று போலீஸ் பரேடு நடத்துகிறேன். ஒருவழியாக இடது காலை வைத்து ஏறினாள். ராத்திரி தம்பியிடம் போனில் புகார்: "சொந்த வீட்டுக்குள்ள இடது காலை வைச்சு வர வச்சுட்டாடா உங்கக்கா."

பாத்ரூம் கதவில் உடைத்த இடத்தில் பலகை அடித்திருக்கிறது. தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்தச் சொன்னது யார்?

மே 22

தூங்கவில்லை.

மே 24

புத்தூர் பெரியாஸ்பத்திரி பக்கத்து சர்ஜிக்கல் கடைக்குப் போனேன். உறையூரிலிருந்து பக்கம்தான், ஆனால் அந்த வெயிலில் ஒரு கமோடு நாற்காலியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வருவது தனி அனுபவம். நடுவில் இருக்கிற வாளியை எடுத்துவிட்டு நம் இந்தியன் டாய்லெட்டுக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். குந்தி உட்காரவே கூடாது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். அப்பாவின் சாய்வு நாற்காலி இதனால் மாடிக்குப் போய்விட்டது. அதற்கும் ஒரு அழுகை.

வாக்கரின் உயரம் தப்பாக இருந்திருக்கிறது. நான்கு நாளாக அம்மா கூன் போட்டு நடந்ததை வலி என்று நினைத்தேன். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, அங்கே கைப்பிடி இருக்க வேண்டுமாம். காலில் இருக்கிற பொத்தானை அழுத்தி இரண்டு ஓட்டை ஏற்றினேன். உடனே ஆள் உயரமாகிவிட்டாள். இதை ஆஸ்பத்திரியில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

மே 27

அருவாமனை எங்கே என்று மூன்று முறை கேட்டாள். பரண் மேல் என்று சொல்லவில்லை.

மே 30

தம்பி ஆன்லைனில் அனுப்பிய கைப்பிடி. ஆணி வேண்டாம், துளை வேண்டாம், ரப்பர் கிண்ணத்தை டைல்ஸில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது. நானே தொங்கிப் பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூமிலிருந்து தடால் என்று சத்தம். ஓடினேன். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. அம்மா கட்டிலில்தான் இருந்தாள். விழுந்தது கைப்பிடி.

அதற்கப்புறம் இருவரும் விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பாத்ரூமில் விழுந்த அன்றைக்கு அவள் பிடித்தது டவல் ராடை. அது கையோடு வந்துவிட்டது. இதை இப்போதுதான் சொல்கிறாள்.

ஜூன் 2

ட்ரில் மெஷினோடு ஆள் வந்தார். எவர்சில்வர் கைப்பிடி, செங்கல்வரைக்கும் இறங்குகிற போல்ட். எந்த உயரத்தில் அடிப்பது என்று அவர் டேப்பை இழுக்கும்போது அம்மா, "இருப்பா" என்று நிறுத்திவிட்டு, கையில் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாள். டைல்ஸில் ஐந்து விரலும் பதிந்தது. "கை தானா போற இடம் இதுதான். இங்க அடி." அவர் என்னைப் பார்த்தார். நான் அடிக்கச் சொன்னேன்.

தாழ்ப்பாளையும் அப்படியே கழற்றிவிடுங்கள் என்றேன். அம்மா முகம் சுருங்கியது. கழற்றவில்லை.

ஜூன் 6

இருபது நிமிஷம் உள்ளே. தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. கதவுக்கு வெளியே நின்று பால்காரர், மின்சாரக் கட்டணம், எதையெதையோ பேசுகிறேன். பதில் வந்தால் போதும். "நிம்மதியா விடுறியா?" என்றாள் உள்ளேயிருந்து.

ஜூன் 9

மறுபடி பார்சல். ஆள் நடந்தால் தானாக எரிகிற விளக்கு (இது நல்ல சாமான், கட்டிலடியில் ஒன்று, பாத்ரூம் வழியில் ஒன்று). ஏழு அறை மாத்திரை டப்பா. அப்புறம், விசையை அழுத்தினால் நுனி கவ்வுகிற ஒரு நீளக் குச்சி, கீழே விழுந்ததைக் குனியாமல் எடுக்க. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தொரட்டி. இதுக்கு சிங்கப்பூர்லேருந்து காசு அனுப்பினானா?" என்றாள்.

ஜூன் 12

சமையலறை வாசலில் மிதியடியை மறுபடி விரித்திருக்கிறாள். மறுபடி எடுத்தேன்.

ஜூன் 13

மிதியடி.

ஜூன் 16

மாத்திரை டப்பாவில் ஞாயிறு அறையில் கிராம்பு, திங்களில் ஏலக்காய். மாத்திரை எல்லாம் பழைய பிஸ்கட் டின்னில். சண்டை. ஆனால் எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

ஜூன் 18

பாத்திரம் கழுவ வருகிற அக்கா தன் மாமியாரைக் கூட்டி வந்தார். கையில் கோல், ஏதோ முகாமில் இலவசமாகக் கொடுத்ததாம். வயோஸ்ரீ என்று மத்திய அரசு 2017இல் தொடங்கிய திட்டமாக இருக்கும், வருமானம் குறைந்த முதியவர்களுக்குக் கோல், வாக்கர், காது மெஷின், பல்செட்வரை அதில் உண்டு. கோல் நல்ல கோல். அடியில் ரப்பர் புஷ் தேய்ந்து இரும்பு தெரிகிறது, ஈரத் தரையில் வழுக்கும். அம்மா அதைக் கவனிப்பதற்குள் வேறொன்றைப் பிடித்துவிட்டாள்: "வலிக்கிற முட்டி எது? இடதா? அப்ப கோலு வலது கையில இருக்கணும்." பிசியோ பெண் சொன்னது வரிக்கு வரி. என்னிடம் மட்டும் ஒன்றும் காதில் விழாத மாதிரி இருப்பாள்.

ஜூன் 19

புஷ் வாங்கி வந்தேன். இரண்டு.

ஜூன் 21

கதவு திறந்தே இருந்தது, மேலே சிவப்புத் துண்டு தொங்கியது. உள்ளே அம்மா. "துண்டு கிடந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். நீ எட்டிப் பார்க்கக் கூடாது." சரி என்றேன். சமையலறைக்குப் போய் அழுதேன்.

ஜூன் 27

லீவு முடிய மூன்று நாள். ஒயர் இல்லாத காலிங் பெல் வாங்கி, பொத்தானை வாக்கரில் கட்டி, மணியை எதிர்வீட்டு அத்தை கூடத்தில் மாட்டியாயிற்று. சோதிக்க ஒரு தடவை அழுத்தச் சொன்னேன். அத்தை காபியோடு வந்தார். அதற்கப்புறம் அம்மா இரண்டு தடவை சோதித்துவிட்டாள்.

ஜூன் 30

துண்டு இல்லை. தாழ்ப்பாள் போட்டிருந்தாள். கேட்டால், மறந்துட்டேன் என்கிறாள்.

ஜூலை 1

ஆபீஸ். 11.20க்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. 11.25, எடுக்கவில்லை. அத்தை வீட்டிலும் எடுக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது அம்மாவே கூப்பிட்டாள். முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாளாம், தம்பி அனுப்பிய தொரட்டியால். அது 32 அங்குலம்தானே, எதுமேல் ஏறி நின்று பறித்தாய் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.