ஒரே எக்ஸ்டென்ஷனில் இரண்டு காப்பி

செந்தூலில் எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு நாள் சாயங்காலம் இடி விழுந்தது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு சாயங்கால இடி புதிதில்லை. பத்து நிமிடத்தில் மின்சாரம் வந்துவிட்டது. என் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளுக்குத்தான் உயிர் வரவில்லை. ஒன்று மூலம், இன்னொன்று காப்பி. இரண்டையும் மேசைக்கடியில் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகிவிட்டு ஐந்து வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்!

ஒன்றில் சர்க்யூட் போர்டு மட்டும்தான் கருகியிருந்தது, மீட்டுக் கொடுத்தார்கள். என்ன செலவானது என்று இங்கே எழுதமாட்டேன், வீட்டம்மா படிப்பாள். உள்ளே இருந்தது பத்து வருடத் தைப்பூசப் படங்கள். பத்துமலையின் 272 படிகளுக்கு 2018-இல் வண்ணம் அடித்தார்களே, அதற்கு முந்தைய காவடிக் கூட்டமெல்லாம் அதில்தான். எவ்வளவு காசு கொடுத்தாலும் அந்தப் படிகளில் இனிப் போய் எடுக்க முடியாது.

புதிதாக என்ன வாங்குவது என்பதற்கு முன் கணக்குப் போட்டேன். என் கேமரா 45 மெகாபிக்சல். கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் ஒன்று சுமார் 50 எம்பி. தைப்பூசத்துக்கு 4,000 படம் என்றால் 200 ஜிபி. உண்மையில் இடத்தை விழுங்குவது அதுவுமில்லை. எடிட் செய்து 16 பிட் டிஃப் என்ற, தரம் குறையாத ஃபைலாகச் சேமித்தால், லேயர் இல்லாமலே படம் ஒன்றுக்கு 270 எம்பி. மொத்தம் 6 டிபியைத் தொட்டிருந்தது.

முதலில் ஆசைப்பட்டது நாலு டிஸ்க் போட்டு வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் நாஸ் பெட்டிக்கு. பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவரிடம் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து யோசனை கேட்டேன். "அண்ணே, டிஸ்க்குகள ஒண்ணா சேர்த்து ரெய்டு போட்டா ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிக்காது. ஆனா நீங்க கைதவறி ஒரு ஃபோல்டர அழிச்சீங்கன்னா எல்லா டிஸ்க்லயும் சேர்ந்து அழிஞ்சிரும். இடி விழுந்தா பெட்டியோட போயிரும். அது காப்பி இல்லண்ணே." அந்த ஆசை அங்கேயே தீர்ந்தது.

சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேலை செய்ய அருமை. ஆனால் டிபி கணக்கில் விலை அதிகம், மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் போட்டு வைக்கும் சாமானும் அல்ல. எல்டிஓ என்ற காந்த நாடா டேப் மலிவு, எட்டாம் தலைமுறை டேப் ஒன்றிலேயே 12 டிபி கொள்ளும். அதை ஓட்டும் டிரைவ் விலைக்குப் பழைய கன்சில் கார் ஒன்றை வாங்கி ஊர் சுற்றலாம். கிளவுட்? என் வீட்டில் அப்லோட் 50 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 50 மெகாபிட். 6 டிபி ஏற ராத்திரி பகல் நிற்காமல் பதினோரு நாள். அதனால் தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும், ஒரு 300 ஜிபி, அங்கே போயின.

கடைசியில் லோயாட் பிளாசாவில் 8 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கினேன், 3.5 இன்ச். தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகைதானா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துதான் எடுத்தேன். இன்னொரு வகையான எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். நிறைய எழுதும்போது திணறும். கணினியில் மாட்டியதும் 7.27 டிபி என்று காட்டியது. ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

காப்பி எடுக்க ஒரு டிஸ்க்குக்குப் பதினோரு மணி நேரம் போல ஆனது. பிறகு செக்சம், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் எண், மூலத்துக்கும் காப்பிக்கும் ஒத்துவருகிறதா என்று ஒப்பிட்டேன். மூன்று ஃபைல்கள் ஒத்துவரவில்லை. திறந்தால் பாதிப் படம் சாம்பல் பட்டை. திரும்பக் காப்பி எடுத்ததும் சரியாகிவிட்டது. வெறுமனே இழுத்துப் போட்டிருந்தால் தெரிந்திருக்காது.

ஒரு டிஸ்க் வீட்டில், வேலை முடிந்ததும் வயரைக் கழற்றிவிடுவேன். மற்றதை ஷா ஆலமில் மாமா வீட்டில் வைக்கலாம் என்று பார்த்தேன். 2021 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் வந்தது. அதனால் ரவாங்கில் தங்கை வீட்டு மாடியில், சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு இங்கே இருப்பதைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கே இருப்பதை எடுத்து வருகிறேன். டிஸ்க்கைப் பார்க்க மட்டும்தான் அண்ணன் வருகிறான் என்று தங்கைக்கு ஒரு குறை.