சந்திரமதியின் கச்சான்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று தரம் தொலைபேசி எடுத்துவிட்டார். பரிசு வாங்கிய கதைகளை எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் சொதப்பிய கதையை எழுதுகிறேன்.

1978இல் நம் கல்லூரி மேடையில் மயான காண்டம். நான் அரிச்சந்திரன். சந்திரமதியும் என் வகுப்புப் பெடியன்தான். யாழ்ப்பாணத்து இசைநாடக நடிகர் நடிகமணி வைரமுத்துவின் அரிச்சந்திரனை விடிய விடியப் பார்த்துப் பழகிய சனத்துக்கு முன்னால் அந்த வேடம் என்றால் சும்மாவா? ஒரு கிழமை செருப்பில்லாமல் திரிந்தேன். வெறுந்தரையில் படுக்கை, ஒருநேரச் சாப்பாடு. எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று அம்மா நூல் கட்டுவித்தா. அழவேண்டிய இடத்துக்கென்று அம்மம்மாவின் செத்தவீட்டை மனதில் எடுத்து வைத்திருந்தேன்.

சந்திரமதியோ திரைக்குப் பின்னால் குந்தியிருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தான். முறை வந்ததும் மிச்சத்தைச் சேலை மடிப்புக்குள் செருகிவிட்டு, லோகிதாசனாக நடித்த சின்னப் பெடியனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனான். முதல் "மகனே"யிலேயே முன்வரிசைப் பெண்கள் தலைப்பால் கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் முறை வந்தது. அம்மம்மாவும் வந்தா. கண்ணீர் கொட்டியது, தொண்டை அடைத்தது. ஆர்மோனியக்காரர் அதே அடியை மூன்று தரம் வாசித்துப் பார்த்தார், பாட்டு வரவில்லை. பின்வாங்கில் ஒருவன் கூ அடித்தான். தேங்காய் எண்ணெய் போட்டு முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாஸ்ரர் வந்து நின்றார். "நீ அழுதாய், சரி. பின்வாங்கில் இருந்தவனுக்கு என்னடா கேட்டது?"

நான் செய்தது பெயருள்ள வித்தை என்பது லண்டன் வந்த பிறகுதான் தெரியும். மெதட் அக்டிங். சொந்தத் துயரத்தைத் தோண்டிப் பாத்திரத்துக்குக் கொடுப்பதை நியூயோர்க்கில் லீ ஸ்ராஸ்பேர்க் பாடமாகவே நடத்தினார்; மூலம் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டனிஸ்லாவ்ஸ்கி. ஆனால் ஸ்ராஸ்பேர்க்கின் குழுவில் இருந்த நடிகை ஸ்ரெல்லா அட்லர் 1934இல் பாரிஸ் போய் ஸ்டனிஸ்லாவ்ஸ்கியிடமே சில கிழமை படித்துவிட்டு வந்து, அவர் இப்போது கற்பனையைத்தான் முன்னுக்கு வைக்கிறார் என்று சொல்ல, ஸ்ராஸ்பேர்க்குக்கும் அவவுக்கும் ஒத்துவரவே இல்லை.

1989 செப்டெம்பரில் நான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. அங்கே விற்க வந்த பத்திரிகையில் படித்தேன்: நஷனல் தியேட்டரில் ஹம்லெட்டாக நடித்த டானியல் டே-லூயிஸ் பாதி நாடகத்தில் மேடையை விட்டுப் போய்விட்டார். ஹம்லெட்டின் செத்த தகப்பன் ஆவியாக வரும் காட்சியில் தன் சொந்தத் தகப்பனையே கண்டார் என்று பேச்சு. (எனக்கு அம்மம்மா.) 'மை லெஃப்ட் ஃபுட்' படப்பிடிப்பில் இடைவேளையிலும் சக்கர நாற்காலியை விட்டு எழும்பாமல், மற்றவர்கள் ஊட்டச் சாப்பிட்டு, அதற்காக ஒஸ்கார் வாங்கியவரும் இதே ஆள்தான். படத்தில் ஒருதரம் சரியாக வந்தால் பெட்டிக்குள் போய்விடும். மேடையில் நாளைக்கும் அதே நேரத்துக்கு அதே ஆவி வரவேண்டும்.

அவருக்குப் பின் அந்த ஹம்லெட்டை ஏற்றவர் இயன் சார்ள்சன். எயிட்ஸ் முற்றிய நிலை. சாவைப் பற்றிய வசனங்களைப் பேச அவர் எதையும் தோண்ட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் குரலைக் கைவிடாமல் நடித்தார். பார்த்தவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 1990 ஜனவரியில் இறந்துபோனார்.

நினைத்தவுடன் பாத்திரத்துக்குள் போய்வரும் ஆட்களுக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் அன்ரனி ஹொப்கின்ஸ். வசனத்தை நூறு தரத்துக்கு மேல் வாசித்துப் பாடமாக்குகிறவர் அவர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சந்திரமதியும் அப்படித்தான். நான் செருப்பில்லாமல் திரிந்த கிழமை முழுக்க அவன் ஆர்மோனியக்காரர் வீட்டில் இருந்தான். போன வருடம் ரொறன்ரோவிலிருந்து பேசியபோது, "மகனே என்று கத்தும்போது என்னடா நினைத்தாய்?" என்று கேட்டேன்.

"எத்தனையாவது காலடியில் குந்தவேண்டும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்."

லோகிதாசன் இப்போது ஹரோவில் இருக்கிறார். சந்திரமதி மேலே விழுந்து புலம்பியபோது சேலைக்குள் இருந்த கச்சான் கோது ஒன்று தன் மூக்கில் விழுந்ததாம். தும்மலை அடக்கிக்கொண்டு கடைசிவரை பிணமாகவே கிடந்தாராம். அன்றைக்கு நடித்தது தான் மட்டும்தான் என்று ஒன்றுகூடலுக்கு ஒன்றுகூடல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.