கோட்டிங் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்

கும்பகோணத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் என்னிடம் இப்போது அதிகம் வருவது, ஒன்றே ஒன்று செய்து பார்க்கும் மாதிரி உருப்படிகள்தான். விதைப்புக் கருவிக்கு ரோலர், பம்ப்செட்டுக்கு கப்ளிங், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்டுக்கு அலுமினிய பேரிங் ஹவுசிங். டிராயிங்கை அழகாகப் போட்டுத் தருகிறார்கள், ஆனால் உருப்படியை வாங்க வரும் அன்றுதான் கேட்கிறார்கள்: "அண்ணே, அப்படியே கறுப்பு அனோடைசிங் பண்ணிடலாம்ல?"

அனோடைசிங் என்றால் அலுமினியத்தின் மேல் மின்சாரத்தால் ஆக்சைடு படலம் வளர்ப்பது. பண்ணலாம் தம்பி, ஆனால் அதை உருப்படியைக் கடைவதற்கு முன்பே சொல்ல வேண்டும்.

6204 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிவிட்டம் 47 மில்லி. அது உட்காரும் துளைக்கு எச்7 (அளவு எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறியீடு) என்று போட்டால் 47.000 முதல் 47.025 வரை இருக்கலாம். துளையைக் கடைந்து பெரிதாக்கும் போரிங்கை 47.010-ல் நிறுத்தினால் பேரிங் கையால் தள்ளினாலே போய் உட்காரும். அதற்கு மேல் 25 மைக்ரான் (0.025 மில்லி) அனோடைசிங் கொடுத்தால், படலத்தில் ஏறத்தாழ பாதி உலோகத்துக்குள் போகும், மீதி மேலே வளரும், துளைக்கு இரண்டு பக்கமும் வளர்வதால் விட்டம் 46.985 ஆகிவிடும். பிறகு சுத்தியலால் தட்டி ஏற்றி நல்ல பேரிங்கைக் கெடுப்பதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது. மரையில் இன்னும் சிக்கல். 60 டிகிரி மரையில் பிட்ச் விட்டம் (மரைப் பல்லின் நடு உயரத்தில் அளக்கும் விட்டம்), ஒரு பக்கம் ஏறும் கனத்தைப் போல நான்கு மடங்கு மாறும், அதனால் எம்3, எம்4 (3, 4 மில்லி) போல்ட் பாதியிலேயே இறுகி நின்றுவிடும். முன்கூட்டியே தெரிந்தால் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் கடைவேன், இல்லையென்றால் அந்த இடத்தை மட்டும் படலம் ஏறாதபடி மூடி மாஸ்க் பண்ணச் சொல்வேன். இரும்பில் ரசாயனத்தால் கறுப்பாக்கும் வெறும் பிளாக்கனிங் என்றால் சைஸ் மாறாது என்றே சொல்லலாம்.

பக்கத்து நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு செய்கிறவர்களைப் பாருங்கள். அடித்தட்டு, தண்டு, அகல் என்று தனித்தனியாக ஆற்று வண்டலில் வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டு மாட்டுகிறார்கள். கடைசலில் எவ்வளவு போகும் என்பதை வார்க்கும்போதே கணக்கில் வைத்தால்தான் அது முடியும்.

அப்புறம், அனோடைசிங் கீறலை மூடிவிடும் என்று நம்பாதீர்கள், டூல் கோடு அப்படியே தெரியும். முதலில் பிசிறு எடுத்துவிட்டு 220, 400, 600 என்று உப்புத்தாள், முந்தைய தாளின் கோடு முழுக்கப் போன பிறகே அடுத்தது. பேரிங் துளையில் மட்டும் தாள் படவே கூடாது.

டிராயிங்கில் எந்த கோட்டிங், எத்தனை மைக்ரான், அளவெல்லாம் கோட்டிங்குக்கு முன்பா பின்பா என்று ஒரு வரி எழுதுங்கள். பேரிங்கையும் போல்ட்டையும் கையோடு கொண்டுவந்தால் இங்கேயே மாட்டிப் பார்த்துவிடலாம்.