ஆர்வி-7: ஹாரிசான்டல் ஸ்டெபிலைசர் முடிந்தது

நான் வீட்டில் கட்டிவரும் ஆர்வி-7 விமானத்தின் வால் கிட்டில் (பாகங்களின் தொகுப்பில்) முதலில் செய்ய வேண்டியது ஹாரிசான்டல் ஸ்டெபிலைசர், அதாவது வாலின் படுக்கைவாட்டுப் பகுதி. அது இப்போது முழுசாக ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்து, கராஜ் சுவரில் தொங்குகிறது. விமானம் கட்டும் ஆசை உள்ள நம்மவர்கள் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கிட் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், அரோராவில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்டுடையது. ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் 1965இல் ஒரு ஸ்டிட்ஸ் பிளேபாய் விமானத்துக்குப் புது இறக்கை கட்டியதில் தொடங்கியது இது. 1971இல் அவருடைய ஒற்றை இருக்கை ஆர்வி-3 பறந்தது. பிறகுதான் கம்பெனி. இன்றைக்கு 11,000க்கும் மேற்பட்ட ஆர்விக்களைச் சொந்தக்காரர்களே கட்டிப் பறக்கவிட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2024இல் மீண்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் நிம்மதி.

ஆரம்ப கால கிட்களில் ஜிக் (பாகங்களை நேராகப் பிடித்துவைக்கும் சட்டம்) செய்து, அளந்து, துளை போடுவதே பாதி வேலை. ஆர்வி-7இல் தகடுகள் துளையோடு வருகின்றன. ரிப் (குறுக்கு விலா), ஸ்பார் (நீளவாட்டு உத்திரம்), தோல் (வெளித்தகடு) மூன்றின் துளைகளையும் பொருத்தி கிளெக்கோ (தற்காலிகப் பிடிப்பு ஊசி) மாட்டினாலே வடிவம் தானாக நேராகிவிடுகிறது. இதில் அவர்கள் காட்டியிருக்கும் துல்லியம் அபாரம். ஆனால் பாதிக்கு மேல் நாமே கட்டினால்தான் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ அதைச் சொந்தமாகக் கட்டிய விமானம் என்று ஏற்கும். அந்த நம் பங்குதான் பொறுமையைக் கேட்கிறது: துளையை 3/32 அங்குல ரிவெட்டுக்கு ஏற்றபடி ட்ரில் செய்வது, பிசிர் எடுப்பது, ரிவெட் தலை அமர டிம்பிள் (குழிவு) போடுவது, பிரைமர் அடிப்பது.

தோல் தகட்டின் மேல் நீல பிளாஸ்டிக் உறை இருக்கும். முழுசாக உரித்துவிடாதீர்கள். முனை மழுங்கிய சால்டரிங் அயர்னை ரிவெட் வரிசைக்கு இரண்டு பக்கமும் லேசாக ஓட்டினால் உறை உருகிக் கோடு விழும். அந்தப் பட்டையை மட்டும் உரிக்கலாம். கத்தி வைக்கவே கூடாது. ஆல்கிளாட் தகட்டின் மேலிருக்கும் தூய அலுமினியப் பூச்சுதான் அரிப்பைத் தடுக்கிறது. கத்திக் கீறல் அதைத் தாண்டிப் போய்விடும். பிசிரும் அப்படித்தான். துளை விளிம்பில் விட்டுவைத்தால் பின்னாளில் விரிசல் தொடங்குவது அங்கேதான். சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்வதைப் போன்ற வேலை. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ரிவெட் கன் என் கையில், உள்ளே பக்கிங் பாரை (ரிவெட்டின் மறுமுனை நசுங்க எதிரே வைக்கும் இரும்புக் கட்டி) பிடிப்பது என் மனைவி. சத்தத்தில் பேச்சு எடுபடாது. ஒவ்வொரு ரிவெட்டுக்கும் அவள் டார்ச் அடித்துப் பார்த்து, “சரிங்க, அடுத்தது” என்றால்தான் நகர்வேன். “ஏங்க, ஒரு பக்கமா சாஞ்சிருக்கு” என்றால் அதை ட்ரில் செய்து எடுத்துவிட்டு வேறு போடுவோம். நசுங்கிய தலையின் அகலம் ரிவெட் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. இந்தக் கணக்கு அவளுக்கு இப்போது கண்ணளவிலேயே தெரிகிறது. கேஜ் வைத்துப் பார்த்தாலும் அவள் சொன்னதுதான் வருகிறது.

சொந்தமாக விமானம் கட்டுபவர்களின் சங்கமான இஏஏவின் டெக்னிக்கல் கவுன்சலர் ஒருவர் வந்து பார்த்தார். இவர்கள் காசு வாங்காத தன்னார்வலர்கள், பலரும் தாங்களே விமானம் கட்டியவர்கள். மூடிவிட்டால் மறுபடி பார்க்க முடியாத இடங்களை முதலில் கேட்டுப் பார்த்தார். தோலை மூடும் முன்பே இவர்களைக் கூப்பிடுங்கள். உள் மூட்டுகளைப் படம் எடுத்துக் கட்டுமானப் பதிவிலும் சேர்த்துவிடுங்கள். கடைசி ஆய்வின்போது நாம்தான் கட்டினோம் என்பதற்கு அதுவே ஆதாரம்.

அடுத்தது வெர்டிகல் ஸ்டெபிலைசர் (வாலின் செங்குத்துப் பகுதி), பிறகு ரடர் (அதன் பின்னால் அசையும் சுக்கான்). ரடரின் பின்விளிம்பு துளியும் வளையாமல் நேராக வரவேண்டும். அதற்குத் துளை போட்ட ஆங்கிள் அலுமினியம் ஒன்றில் விளிம்பைக் கிளெக்கோவால் கட்டிவைத்து, ஒட்டும் பசை இறுகியபின் ரிவெட் அடிப்பதாகத் திட்டம். ஆங்கிள் வாங்கியாயிற்று, பசை வரவேண்டும்.